ராக்கெட்டை உடைக்கிற பையனும் ராக்கெட்டை உடைக்கிற சாம்பியனும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு தாய் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய மகனுக்கு 14 வயது. ஒரு டென்னிஸ் போட்டியில் தோற்கும் நிலைக்கு வந்ததும் ராக்கெட்டை, அதாவது மட்டையை, தரையில் அடித்து உடைத்துவிட்டான். ஏன் என்று கேட்டால், "டிவியில் பெரிய பெரிய ஆட்களே உடைக்கிறார்கள், எனக்கு மட்டும் என்ன?" என்கிறான். அந்தப் பெரிய ஆட்களுக்கு உண்மையிலேயே அவ்வளவு அழுத்தமா, இல்லை பணத்திமிரா? பையனைக் கண்டிப்பதா, மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போவதா? இதுதான் அவர் கேட்டது.

நான் ஆட்டக்காரன் இல்லை. டர்பனில் பிள்ளைகளுக்கான போட்டிகளில் பல வருடமாக நடுவர் வேலை பார்க்கிறவன். அதனால் கோபம் வெடிக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ஆள் பெரும்பாலும் நான்தான். திமிரும் உண்டு, அழுத்தமும் உண்டு. ஆனால் இந்த ஆட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

முதலில், டென்னிஸில் கடிகாரம் கிடையாது. கால்பந்தில் 2-0 என்று முன்னால் இருப்பவன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டலாம். கிரிக்கெட்டில் ஓவர் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. இங்கே எவ்வளவு முன்னால் இருந்தாலும் கடைசிப் பாயிண்டை நீங்களே கையால் எடுத்தாக வேண்டும். எடுக்கும்வரை எதிராளி உயிரோடுதான் இருக்கிறார். 1993 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் யானா நவோட்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1, அந்த கேமிலும் 40-30 என்று முன்னால் இருந்தார் (பாயிண்டுகள் சேர்ந்து ஒரு கேம், கேம்கள் சேர்ந்து ஒரு செட்). அந்த இடத்தில் ஒரு டபுள் ஃபால்ட்: இரண்டு சர்வும் தவறி, பாயிண்ட் எதிராளிக்கு. அதற்கப்புறம் ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. செட் 6-4 என்று கிராஃபுக்குப் போயிற்று. பரிசு வாங்கும்போது பிரிட்டிஷ் அரச குடும்பத்து கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அவர் அழுத படம் டென்னிஸ் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 1998இல் அதே மைதானத்தில் பட்டம் வென்றார் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இரண்டாவது, இந்த ஆட்டத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ரோஜர் ஃபெடரர் 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசும்போது ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. கிட்டத்தட்ட 80 சதவீதத்தில் வெற்றி. ஆனால் அவர் வென்ற பாயிண்டுகள் 54 சதவீதம்தான். அதாவது, உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், தன் வாழ்நாளில் ஏறக்குறைய ஒரு பாயிண்ட் விட்டு ஒரு பாயிண்ட் தோற்றிருக்கிறார். இதை மனசு ஒத்துக்கொள்ளாது. நன்றாகப் படித்தவன் பரீட்சையில் நூற்றுக்கு 54 வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பாயிண்டுக்கும் ஒரே எடையும் இல்லை. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 பாயிண்டுகள் எடுத்தார், ஜோகோவிச் 204. பட்டம் ஜோகோவிச்சுக்கு. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று, ஒன்றை எடுத்தாலே பட்டம் என்கிற சாம்பியன்ஷிப் பாயிண்ட் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு சர்வ் செய்துகொண்டிருந்தவர் ஃபெடரர்தான். அந்த இரண்டும் போனது போனதுதான்.

இவ்வளவையும் தனியாகத் தாங்க வேண்டும். அடிக்கிற நேரம்கூடப் பரவாயில்லை, கால் தானாக ஓடும். மனசுக்கு ஆபத்தான நேரம் பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் வருவது. ஒரு ஆட்டத்தின் மொத்த நேரத்தில் பந்து உண்மையில் ஓடுகிற நேரம் சிறிய பங்குதான். மீதியெல்லாம் நடப்பது, துடைப்பது, காத்திருப்பது. அடுத்த சர்வுக்கு 25 விநாடி. அந்த 25 விநாடியில் முந்தின பாயிண்டை மனதில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறவனும் உண்டு, அதைக் கழுவித் தள்ளிவிட்டு வருகிறவனும் உண்டு.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டம், பிப்ரவரி மாத டர்பன் வெயில், காற்றே ஈரத் துணி மாதிரி கனத்துக் கிடந்தது. 5-2 என்று முன்னால், சர்வும் அவளுடையது. முதல் டபுள் ஃபால்ட் போட்டதும் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். நாடா அவிழவே இல்லை. அடுத்த டபுள் ஃபால்டுக்கும் அதே நாடா. இரண்டாவது சர்வில் கை மேலே போகவில்லை. தோளிலேயே நின்று பந்தைத் தள்ளிவிட்டாள், வலையின் அடியில் போய் விழுந்தது. ராக்கெட்டைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பயந்தால் பிடி இறுகும், பிடி இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், வீச்சு குறுகும். தானாக வந்துகொண்டிருந்த காரியத்தை யோசித்து யோசித்துச் செய்ய ஆரம்பித்தாலே அது கெட்டுப்போகும். 5-5 ஆனபோது பந்தை வேலிக்கு மேலே அடித்து வெளியே அனுப்பினாள். வேலிக்குப் பின்னால் இருந்தவர்கள், "லைன் கால் தப்பாம், அதான் கோபம்" என்றார்கள். அந்தப் பாயிண்டில் லைன் கால், அதாவது பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற தீர்ப்பு, எதுவும் இல்லை. கோபம் 5-2இலேயே தொடங்கிவிட்டது.

பெரியவர்கள் ஆட்டத்திலும் இதே கதைதான். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது பானை பொங்கி வழிந்தால், கடைசியாக விறகு வைத்தவனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். அடுப்பு எரிய ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. 2009 யுஎஸ் ஓபன் அரையிறுதியில் செரீனா வில்லியம்ஸ், கிம் கிளைஸ்டர்ஸிடம் தோற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செட்டை 4-6 என்று இழந்தபோதே ராக்கெட்டை அடித்து உடைத்து ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தார். இரண்டாவது செட்டில் 5-6, 15-30. இரண்டாவது சர்வில், கோட்டைக் கவனிக்கிற லைன் ஜட்ஜ் ஃபுட் ஃபால்ட், அதாவது சர்வ் செய்யும்போது கால் கோட்டை மிதித்த தப்பு, என்று சொல்கிறார். 15-40. செரீனா அந்தப் பெண்மணியை நோக்கிப் போய் மிரட்டுகிறார். எச்சரிக்கை ஏற்கெனவே இருந்ததால் அடுத்த தண்டனை ஒரு பாயிண்ட். அந்த ஒரு பாயிண்டோடு ஆட்டமே முடிந்தது. அபராதம் பிறகு 82,500 டாலர் ஆயிற்று. ஃபுட் ஃபால்ட் கடைசி விறகு, அவ்வளவுதான்.

அந்தத் தண்டனை வரிசையை உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். முதல் தப்புக்கு எச்சரிக்கை, இரண்டாவதற்கு ஒரு பாயிண்ட், மூன்றாவதற்கு ஒரு முழு கேம். அதற்குமேல் ரெஃப்ரி நினைத்தால் வெளியேற்றம். பெரிய தப்பு என்றால் எச்சரிக்கையே இல்லாமல் நேரே வெளியேற்றலாம். விதி தெரியாமல் கோபப்படுவது இரட்டை நஷ்டம். அமெரிக்க ஆட்டக்காரர் ஜான் மெக்கன்ரோ 1981 விம்பிள்டனில் நடுவரைப் பார்த்து "யூ கெனாட் பி சீரியஸ்" (விளையாடுகிறீர்களா?) என்று கத்தியதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். 1990 ஆஸ்திரேலிய ஓபனில் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. நான்கு படியாக இருந்த தண்டனை அந்த வருடம் மூன்று படியாகக் குறைந்திருந்தது. தனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பேசினார். செட் கணக்கில் முன்னால் இருந்தவர் அப்படியே வெளியேற்றப்பட்டார்.

இன்னொன்று: விதி உங்கள் உள்ளத்தைப் பார்ப்பதில்லை, விளைவைப் பார்க்கிறது. 2020 யுஎஸ் ஓபனில் ஜோகோவிச் முதல் செட்டில் 5-6 என்று பின்னால் இருந்தபோது பந்தைப் பார்க்காமலே பின்னால் தட்டிவிட்டார். அது லைன் ஜட்ஜின் தொண்டையில் பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆட்டம் போயிற்று, பரிசுப் பணம் போயிற்று, தரவரிசைப் புள்ளியும் போயிற்று. அமைதிக்குப் பேர்போன டிம் ஹென்மன் 1995 விம்பிள்டனில் இரட்டையர் ஆட்டத்தில் எரிச்சலில் அடித்த பந்து ஒரு பந்து எடுக்கும் பெண்ணின் தலையில் பட்டு, வெளியேற்றப்பட்டார். கெட்ட வார்த்தைக்கும் தண்டனை உண்டு, எந்த மொழியில் சொன்னாலும். இங்கே சில பையன்கள் தமிழில் திட்டினால் நடுவருக்குப் புரியாது என்று நினைக்கிறார்கள். தமிழே மறந்துபோன வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த நாலு வார்த்தை மட்டும் மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை.

சரி, கத்தினால் மனசு ஆறுமா? ஆறும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. மெக்கன்ரோ கத்திவிட்டு அடுத்த பாயிண்டை நன்றாக ஆடுவார். அது அவர் வரம். அவரைப் பார்த்துக் கத்திய ஆயிரம் பேருக்கு அடுத்த பாயிண்ட் வரவில்லை.

அதற்காக உணர்ச்சியையே அடக்கு என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டு கெவின் ஆண்டர்சனைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், 2 மீட்டருக்கு மேல் உயரம், பல வருடம் முகத்தில் ஒன்றும் காட்டாத ஆள். 2017 வாக்கில், பாயிண்ட் எடுத்ததும் கையை மடக்கிச் சத்தமாகக் கூவுவதை வேண்டுமென்றே பழகிக்கொண்டார். அந்த வருடம் யுஎஸ் ஓபன் இறுதி. அடுத்த வருடம் விம்பிள்டனில் இரண்டு செட் பின்தங்கி, இன்னும் ஒரு பாயிண்ட் போனால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்டையும் தாண்டி, ஃபெடரரை ஐந்தாவது செட்டில் 13-11 என்று வென்றார். அரையிறுதியில் ஜான் இஸ்னருடன் 6 மணி 36 நிமிடம்; கடைசி செட் 26-24. அந்தக் கடைசிக் கட்டத்தில் கீழே விழுந்து, எழுந்து, ராக்கெட்டை இடது கைக்கு மாற்றி ஒரு பந்தைத் திருப்பி அனுப்பினார் பாருங்கள்! சின்ன வயதில் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்தபோது இடது கையால் ஆடிப் பழகியது அன்று உதவியது. அவரும் உணர்ச்சியை வெளியே விட்டவர்தான். ஆனால் நல்ல பாயிண்டுக்குப் பிறகு விட்டார், கெட்ட பாயிண்டுக்குப் பிறகு அல்ல. பையன்களிடம் நான் இதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வது.

பனிக்கட்டி மனிதர்கள் என்று பேர் வாங்கியவர்களும் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. ஸ்வீடனின் பியோன் போர்க் சிறுவனாக இருந்தபோது ராக்கெட் எறிந்து, கிளப்பே அவரைச் சில மாதம் தள்ளிவைத்தது. ஃபெடரரும் ஜூனியராக ஆடிய காலத்தில் ராக்கெட் வீசி அழுத பையன்தான். அவருடைய அம்மா லினெட் நம் கெம்ப்டன் பார்க்கைச் சேர்ந்தவர் என்பதால் அவரைப் பாதி நம்மாள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

கறுப்பின அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிருந்த நிறவெறி அரசு முன்பு விசா மறுத்த பிறகு, 1973இல் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் ஆட வந்தார். பார்வையாளர்களை நிறம் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. ஒற்றையர் இறுதியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார், டாம் ஓக்கருடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். மறு வருடம் டேவிஸ் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. அந்த அணியில் இருந்தவர்கள் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள். கோப்பை ஆடாமலே இங்கே வந்தது. இந்தியா விலகியதைக் கேட்டு டர்பனில் நம் பெரியவர்கள் பலர் சந்தோஷப்பட்டார்கள் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவது கஷ்டம். ஆஷுக்குத் திரும்புவோம். அவ்வளவு அவமானத்தை முகம் மாறாமல் தாங்கியவர், 1975இல் ஸ்டாக்ஹோமில் எதிரே ஆடிய ருமேனியாவின் இலி நஸ்டாசேயின் குறும்பு தாங்காமல் ஆட்டத்தை விட்டு வெளியே நடந்துவிட்டார். எவ்வளவு ஆழமான கிணற்றுக்கும் அடி உண்டு.

ஒருவர் வெடிக்கும்போது எதிரில் நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. 2018 யுஎஸ் ஓபன் இறுதியில் செரீனாவுக்கு முதலில் காலரியிலிருந்து பயிற்சியாளர் சைகை காட்டியதற்கு எச்சரிக்கை, பிறகு ராக்கெட் உடைத்ததற்கு ஒரு பாயிண்ட், பிறகு நடுவர் கார்லோஸ் ராமோஸைத் திருடன் என்றதற்கு ஒரு கேம். அபராதம் 17,000 டாலர். இரண்டாவதாக வந்தவருக்கு அன்று பரிசு 18.5 லட்சம் டாலர். ஒரு சதவீதம்கூட அபராதமாகப் போகவில்லை. பணத்திமிர் என்று நீங்கள் சொன்னதற்கு இந்தக் கணக்கில் இடம் உண்டு. ஆனால் அன்று 6-2, 6-4 என்று வென்ற நவோமி ஓசாகா, கூட்டம் கூச்சலிட, தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதார். 2021இல் பிரெஞ்சு ஓபனிலிருந்து விலகியபோது, அந்த 2018 போட்டிக்குப் பிறகு நீண்ட காலம் மனச்சோர்வில் இருந்ததாக அவரே எழுதினார். பத்திரிகையாளர் சந்திப்புக்கு வர மறுத்ததற்காக அதற்கு முன்பு அவருக்கு 15,000 டாலர் அபராதம் வேறு.

வெடிப்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளே நொறுங்குவது தெரியாது. எனக்குப் பின்னதுதான் அதிக கவலை. அமெரிக்க ஆட்டக்காரர் மார்டி ஃபிஷ் 2012 யுஎஸ் ஓபனில் ஃபெடரரோடு ஆட வேண்டிய அன்று பதற்ற நோயால் விலகினார். அமண்டா அனிசிமோவா 2023இல் மனம் களைத்து மாதக்கணக்கில் ராக்கெட்டைக் கீழே வைத்தார்; 2025இல் விம்பிள்டன் இறுதிவரை வந்து 6-0, 6-0 என்று தோற்று, அதே வருடம் யுஎஸ் ஓபன் இறுதிக்கும் வந்தார். இவர்கள் யாரும் திமிர் பிடித்தவர்கள் இல்லை.

டிவியில் வராத ஆட்டக்காரரின் வாழ்க்கையையும் நினைத்துப் பாருங்கள். கால்பந்து வீரருக்குச் சம்பளம் உண்டு. டென்னிஸ் ஆட்டக்காரர் பயிற்சியாளருக்கும் விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் அந்த வாரம் நஷ்டம். டர்பனிலிருந்து போகிற பையனுக்கு இன்னும் மேலே: ராண்டில் சம்பாதித்து யூரோவில் செலவு, ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வரிசை. முதல் 250 பேருக்குள் இருப்பவர்களுக்குக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதத்தை ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி 2024இல்தான் கொண்டுவந்தது.

அப்புறம், பந்தயம் கட்டுகிறவர்கள். பெண்கள் டென்னிஸ் சங்கமும் சர்வதேச டென்னிஸ் சம்மேளனமும் வெளியிட்ட அறிக்கைப்படி, 2024இல் 458 பேரை நோக்கிச் சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்திருக்கின்றன. அதில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் எழுதியது. இங்கே மூலைக்கு மூலை பந்தயக் கடை. மாலையில் அங்கே டென்னிஸ் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களில் ஆட்டத்தை ரசிக்கிறவர் எத்தனை பேர் என்று நானும் பார்த்திருக்கிறேன்.

லைன் ஜட்ஜுகள் போய் மின்னணு முறை வந்தால் சண்டை தீரும் என்றார்கள். விம்பிள்டனிலும் 2025 முதல் லைன் ஜட்ஜுகள் இல்லை. கோட்டைப் பற்றிய சண்டை குறைந்தது உண்மை. கோபம் இப்போது காலரியில் உட்கார்ந்திருக்கும் சொந்தப் பயிற்சியாளர் மேலும் அப்பா மேலும் திரும்பியிருக்கிறது.

இப்போது உங்கள் மகன். டிவி ஆட்டத்துக்கும் அவன் ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: பிள்ளைகள் ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் நாற்காலியே கிடையாது. தன் பக்கத்துக் கோட்டுக்கு அவனே தீர்ப்புச் சொல்ல வேண்டும், எதிராளி சொல்வதை நம்ப வேண்டும். நான் ஒருவன் நாலைந்து கோர்ட்டைச் சுற்றிக்கொண்டிருப்பேன். ஜோகோவிச்சுக்குக்கூட இல்லாத சுமை இது. அதனால் அவனை, "உனக்கென்ன அழுத்தம், சோறு போடுகிறோம், ஆடுகிறாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ராக்கெட்டை உடைத்ததற்குக் கண்டிப்பு வேண்டும். கத்த வேண்டாம், அடுத்த ராக்கெட்டை உடனே வாங்கித் தராதீர்கள், போதும். பழைய ராக்கெட் ஒன்றை யாரிடமாவது வாங்கி அதோடு சில மாதம் ஆடட்டும். அந்த 25 விநாடிக்கு ஒரு வேலை கொடுங்கள். ஜிம் லோர் என்ற விளையாட்டு உளவியலாளர் சொன்ன முறை இன்றும் பயிற்சியாளர்களிடம் புழங்குகிறது: பாயிண்ட் முடிந்ததும் முதலில் தோளை நிமிர்த்தித் திரும்பி நடக்க வேண்டும், பிறகு மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்த வேண்டும், பிறகு அடுத்த சர்வை எங்கே போடுவது என்று முடிவு, கடைசியில் பந்தைத் தட்டுவது போல எப்போதும் மாறாத ஒரு பழக்கம். நடால் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கியதும் அந்த வகைதான். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் மனசுக்கு அது ஒரு கைப்பிடி. இதைப் போட்டியில் பழக முடியாது, பயிற்சியில்தான் பழக வேண்டும். ராக்கெட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பிடித்து நடந்தாலே பிடி தளரும், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் ஒரு வேண்டுகோள். டபுள் ஃபால்ட் போட்ட பிள்ளை முதலில் பார்ப்பது எதிராளியை இல்லை, வேலியை. அங்கே அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றால் அதைவிடப் பெரிய அழுத்தம் எந்த விம்பிள்டனிலும் கிடையாது. நிழலில் உட்காருங்கள், முடிந்தால் கொஞ்சம் தள்ளி. வீட்டுக்குப் போகிற வண்டியில் ஆட்டத்தைப் பற்றி அவன் பேசினால் மட்டும் பேசுங்கள்.

ஆலோசகரிடம் போவதா என்று கேட்டீர்கள். ராக்கெட் உடைத்த ஒரு காரணத்துக்காக அவசரப்பட வேண்டாம். ஆனால் போட்டிக்கு முந்தின இரவு தூங்காமல் இருப்பது, காலையில் வாந்தி, முன்பு ஆசையாகப் போன பயிற்சிக்கு இப்போது வயிற்றுவலி என்று படுப்பது, தோற்றால் தன்னையே அடித்துக்கொள்வது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்வது: இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் குடும்ப டாக்டரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள், அங்கிருந்து மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அடுத்த போட்டி எதுவாக இருந்தாலும் அது காத்திருக்கும்.